நெருக்கத் தையல் போட்ட கார்க் கூரை

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஐந்து. நான்கு என் வயிற்றில் பிறந்தவை, ஐந்தாவது என் தங்கை மகள். எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் ஐந்து என்றுதான் சொல்வேன். இங்கே பிரித்துச் சொல்வது, சொல்லாவிட்டால் மற்றது விளங்காது என்பதால். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுதுவது ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான் என் வேகம்.

தாராவியில் பை தைக்கிற பட்டறையில் முப்பது வருஷம் மெஷின் மிதித்தவள் நான். என் தையல் நெருக்கத் தையல். ஒரு விரல் அகலத்துக்குள் மற்றவர்கள் நாலு தையல் போட்டால் நான் எட்டுப் போடுவேன். வெளிநாட்டுக்குப் போகிற பை என்றால் முதலாளி என் மெஷினுக்குத்தான் அனுப்புவார். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டினார். இருவரும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு ஒரு பழைய கார் வாங்கினோம். அதுவும் கூரையைப் பின்னால் மடக்கிவிட்டுத் திறந்தபடி போகிற கார். எங்கள் சந்துக்குள் அந்தக் கார் நுழையவே நுழையாது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவன் மட்டும் சிரிக்கவில்லை, கோபப்பட்டான்.

அது எங்களுக்குப் புதுக் கார் இல்லை. குர்லாவில் ஒருவர் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த கார். என் மகன்கள் இரண்டு பேரும் மாப்பிள்ளை அழைப்புக்கு அதில்தான் போனார்கள். மகள்கள் இரண்டு பேருக்கும் வந்த மாப்பிள்ளைகளும் அதில்தான் வந்தார்கள். நாலு கல்யாணத்திலும் தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் அதே காரில் தாராவித் தொண்ணூறு அடி ரோட்டில் மெதுவாக ஊர்ந்து வருவார்கள். சனம் வேடிக்கை பார்க்கும். ஐந்தாவது கல்யாணம், தங்கை மகளுடையது, கொரோனா நேரத்தில் நடந்தது. வீட்டுக்குள் பதினோரு பேர், எல்லார் முகத்திலும் துணி. தாலி கட்டினதும் போலீஸ் அனுமதிக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மூடின வண்டியில் செம்பூருக்குப் போய்விட்டாள்.

ஊர்வலம் இல்லையே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அவள் எப்போதுமே எதற்கும் ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை. தங்கை இறந்த பிறகு இரண்டு வயதில் என் இடுப்பில் ஏறினவள். மற்ற நாலும் குழம்பில் உப்பு என்று சண்டை, சட்டை நிறம் என்று சண்டை. ஐந்து பேருக்கும் பட்டறையில் மிஞ்சின ரெக்சினில் நானே ஸ்கூல் பை தைத்துக் கொடுத்தேன். நாலு பேரும் வருஷம் திரும்புவதற்குள் கடைப் பை வேண்டும் என்று அழுது வாங்கிக்கொண்டார்கள். இவள் பத்தாவது வரை நான் தைத்த பையைத்தான் தூக்கினாள். என் தையல் அருமை இவளுக்குத்தான் தெரிகிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் வயதாக ஆக வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. விருந்தாளிதானே குறை சொல்லாமல் சாப்பிடுவான்? அவள் என் வீட்டில் விருந்தாளியாகவே இருந்துவிட்டாளோ?

கல்யாணம் எல்லாம் சுருங்கிப் போனதில் குர்லாக்காரர் காரை விற்கப் போகிறார் என்று வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. அவளுக்கு ஒரு நாள் ஊர்வலம் வைக்க வேண்டும், அதே காரில், அதே ரோட்டில். அதற்கு அந்தக் கார் எங்கள் கையில் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் வாங்கும் முன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் விரலை விட்டுத் தடவி முகர்ந்தார். வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. கார் என் சின்ன மகனைவிட ஒரு வயது இளையது. கால் வைக்கிற இடத்தில் துரு தின்று ரோடு தெரிந்தது. ரேடியேட்டர் ஏற்றத்தில் கொதித்தது. குர்லாவில் எங்கள் ஊர்ப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை ஒருவர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார், ஐம்பது வயது இருக்கும். அவர்தான் தரையில் தகடு பற்றவைத்தார், ஹோஸ் மாற்றினார், பிட்னஸ் சர்டிபிகேட்டுக்கு வண்டியோடு கூடவே வந்து நின்றார். வீட்டுக்காரர் தினமும் காலையில் போய் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வருவார். ஓடவிடாவிட்டால் பேட்டரி செத்துவிடுமாம். பழைய தோல் குடோன் ஒன்றின் சுவரோரம் அதற்கு இடம் கிடைத்திருந்தது.

கூரைதான் பாக்கி. பழைய கான்வாஸ் மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்தது. கார்க் கூரை தைக்கிற ஆள் இருக்கிறார், அவரிடம் கொடுத்துவிடுவோம் என்று மெக்கானிக் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருஷம் தைத்தவள் வீட்டில் இருக்கும்போது வெளி ஆளா? பழையதைப் பிரித்து அளவெடுத்து, நல்ல கனமான கான்வாஸ் வாங்கி, பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். நைலான் நூல். எட்டுத் தையல் கணக்கு. நடுவில் ஓடுகிற தையலை இரட்டையாக ஓட்டினேன். கம்பிச் சட்டத்தில் மாட்டின பிறகு மெக்கானிக் தடவிப் பார்த்துவிட்டு, “ஆச்சி, பை மாதிரியே இருக்கு” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் உண்டாகி, ஏழாம் மாதம் ஆனியில் வந்தது. வளைகாப்பு செம்பூரில் மாமியார் வீட்டில். அது முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். அன்றுதான் ஊர்வலம் என்று நான் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். தொண்ணூறு அடி ரோட்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரிடமும் சொல்லியாயிற்று, பார்க்க வெளியே வந்து நில்லுங்கள் என்று. காலையில் வானம் வெள்ளையாகத்தான் இருந்தது. வளையல் போட்டு, சாதம் ஊட்டி, ஆரத்தி எடுத்து அவளைக் காரில் ஏற்றினோம். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். வீட்டுக்காரர் ஓட்ட, அவள் புருஷன் முன்னால், அவளும் நானும் பின்னால். செம்பூர் நாக்கா, அந்த நாற்சந்திகூடத் தாண்டவில்லை, மழை கொட்டிவிட்டது.

வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, அவள் புருஷனும் அவருமாகக் கூரையை இழுத்து மாட்டினார்கள். அதன் பிறகு வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று வெளியே தெரியாது. மறுபடியும் மூடின வண்டி. சயான் சிக்னலில் மாட்டிக்கொண்டு நின்றபோது முதல் சொட்டு அவள் மடியில் விழுந்தது. பிறகு என் கையில். நடுத் தையல் நெடுக ஒவ்வொரு ஊசி ஓட்டையிலும் ஒரு சொட்டுத் தொங்கியது. வரிசை பிசகாமல், எட்டு எட்டாக.

அவள் கையைத் தூக்கி அந்தத் தையலைத் தடவினாள். வளையல் எல்லாம் சரிந்து முழங்கைக்கு வந்தது.

“பெரியம்மா, இது நீங்க தச்சதா?”

“ஏன் கேக்க?”

“என் ஸ்கூல் பையும் இப்படித்தான் ஒழுகும்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழைக்காலத்தில் நோட்டெல்லாம் ஊறிவிடுமாம். மளிகைக்கடைக் கவரைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு நோட்டையும் அதற்குள் சொருகித்தான் பையில் வைப்பாளாம்.

“பத்தாவது வரைக்குமா?”

“ம்.”

“ஏன்ட்டி சொல்லல?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “சொன்னா என்ன நெனப்பியளோன்னு இருந்துச்சு. அவங்க நாலு பேரும் கேக்கலாம். நான் எப்படிக் கேக்க?”

இத்தனை வருஷம் நான் பயந்தது சரிதான் என்று ஆகிவிட்டது. முந்தானையை இழுத்து அவள் மடியில் விழுந்த சொட்டைத் துடைத்தேன். பிறகு கேட்டேன், “இப்ப மட்டும் எப்படிச் சொல்லுத?”

“இப்ப எம் பிள்ளை தலையில சொட்டுதே” என்று வயிற்றைக் காட்டினாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னும் என்னெல்லாம் சொல்லாம வச்சிருக்க? சொல்லுட்டி. சிக்னல் இப்பத் திறக்காது.”

முதலில் ஒன்றுமில்லை என்றாள். அப்புறம் என் குழம்பில் புளி அதிகம் என்றாள். அண்ணன் சட்டையைச் சிறிசாக்கித் தந்தது பிடிக்கவே பிடிக்காது என்றாள். தலையை இழுத்துப் பின்னினால் மத்தியானம் வரை வலிக்கும் என்றாள். ஊற்று அடைத்திருந்து திறந்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அவள் புருஷன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சண்டை போட்டேன். புளி அதிகம் என்கிறவள் மூன்று தடவை ஊற்றிச் சாப்பிடுவானேன்?

வீட்டுக்காரர் மட்டும் முன்னாலிருந்து, “ஏட்டி, சண்டைய வீட்டுல வச்சிக்கிடுங்க. எங் கழுத்துல அருவியே விழுது” என்றார்.

தொண்ணூறு அடி ரோட்டுக்குள் திரும்பியபோது மழை தூறலாகியிருந்தது. ஈரம் பட்டால் பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது, கூரை அப்படியே இருக்கட்டும் என்றேன். உள்ளே இருந்தாலும் நனையத்தான் செய்கிறேன், மடக்குங்கள் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அவள் பிடிவாதம் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மடக்கினோம். பை விற்கிற கடைக்காரர் ஒருவர் தன் கடை வாசல் குடையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் தலைக்கு மேல் பிடித்தபடி காரோடு நடந்தார். ஜனங்கள் கடைத் தாழ்வாரத்தில் ஒண்டி நின்று பார்த்தார்கள். அவள் முகம் நனைந்து, பொட்டு கரைந்து, இன்னமும் என்னிடம் அந்தச் சட்டையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மெக்கானிக் விஷயத்தைச் சொன்னார். கூரைக்குத் தூரத் தையல் போட வேண்டுமாம், பருத்தி நூலில். நனைந்தால் நூல் ஊதி ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். நைலான் ஊதாது. நெருக்கத் தையல் என்றால் அத்தனை ஓட்டை. பைக்கு அழகு, மழைக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கேட்டேன். உங்க முகத்தைப் பார்த்தா சொல்ல வாய் வரல ஆச்சி என்றார். அவருமா!

நான் பிரித்துத் தைக்கவில்லை. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தையல் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுகிறேன். அவளும் செம்பூரிலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு வருவாள், ஒரு ஓரத்திலிருந்து அவள், மறு ஓரத்திலிருந்து நான். நான் சரியாகத் தேய்க்கவில்லை என்பாள். போனிலும் தினம் ஒரு குறை. மற்ற நாலு பேரையும் மிஞ்சிவிட்டாள். வீட்டுக்காரருக்கு இதைக் கேட்டால் தலைவலி. எனக்குக் கேட்காவிட்டால் தூக்கம் வராது.

ஏ பிள்ளை, மூத்தவன் மகளே, போனை வைத்துவிட்டு இங்கே வா. இதைக் கொஞ்சம் வாசி. உனக்குத் தமிழ் தடுக்கும், தடுக்கட்டும், எழுத்துக் கூட்டியே வாசி. ஞாயிற்றுக்கிழமை உன் செம்பூர் அத்தை வருகிறாள். எதையாவது விட்டிருந்தால் அவள் சும்மா விடமாட்டாள். முதலில் அந்தப் புளி விஷயத்தை வாசி, கேட்கிறேன்.