மாமாவின் டில்லி இருமல்

வெளிநாடு போய்வந்தவர்களை எங்கள் வீட்டில் யாரும் உடனே நம்பிவிடுவதில்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து குவைத்துக்கும் டுபாய்க்கும் போனவர்கள் உண்டு. திரும்பி வந்து அவர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மிச்சத்தையும் கொஞ்சம் யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. அம்மாவின் தம்பி இந்தியாவுக்குப் போய்வந்தபோதும் அப்பா கட்சி மாறவில்லை.

மாமா பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். புத்தகயாவுக்கு யாத்திரை போகும் சிங்களவர்கள் அரிசி, கருவாடு, தேங்காய்ப்பால் மா எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, கூடவே ஒரு சமையல்காரரையும் அழைத்துப்போவார்கள். அப்படி, டில்லியில் சில நாள் தங்கிப்போகும் ஒரு கூட்டத்தோடு மாமா புறப்பட்டார். நமுனுகுலவில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். பேசியிருந்தார்கள் என்பது பெரியவர்களின் மரியாதைக்கு. அந்தப் பெண் பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்ததும், மாமா அங்கே தேவையில்லாமல் கைக்குட்டை வாங்கிக் குவித்ததும் எனக்கே தெரியும். கல்யாணச் செலவுக்குக் கொஞ்சம் சேர்க்கலாம் என்றுதான் அந்தப் பயணம்.

போனவர் இருமிக்கொண்டு திரும்பி வந்தார்.

"டில்லியில காத்தே கெட்டுப்போயிருக்கு மச்சான்" என்றார் மாமா.

"காத்து என்ன கறியா, கெட்டுப்போறதுக்கு?" என்று அப்பா கேட்டார்.

மாமா சொன்னதெல்லாம் இப்படித்தான் இருந்தது. அங்கே பட்டப்பகலில் சூரியன் மங்கலாகத் தெரிகிறதாம். கண் கூசாமல் நேராகப் பார்க்கலாமாம். தெருவில் போகிறவர்கள் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு போகிறார்களாம். பணக்காரர்கள் வீட்டுக்குள் காற்றைச் சுத்தம் செய்ய ஒரு மெசின் வைத்திருக்கிறார்களாம். அம்மா இதுவரை பொறுத்துக்கொண்டாள். ஆனால் வழியில் ஒரு ஸ்டேஷனில் தேத்தண்ணியை மண் குவளையில் ஊற்றிக் கொடுத்ததாகவும், குடித்ததும் குவளையைப் போட்டு உடைத்துவிட்டுப் போகிறார்கள் என்றும் சொன்னபோது அவள் முகம் மாறிவிட்டது. ஒரு வாய் தேத்தண்ணிக்கு ஒரு சட்டியை உடைப்பார்களா? தம்பி எதையோ மறைக்கத்தான் இப்படி அளக்கிறான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. புகைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள் என்றதும் நானும் அவர்கள் பக்கம் சாய்ந்தேன். மண்சரிவுக்கே லீவு கொடுக்க மனமில்லாத பள்ளி அதிபரிடம் படித்துக்கொண்டிருந்தவள் நான். என்னிடம் இந்தக் கதை எடுபடுமா?

இருமல் எப்படி வந்தது என்பதற்கும் மாமா ஒரு காரணம் வைத்திருந்தார். விடியற்காலையில் அடுப்பு மூட்ட எழுந்து வெளியே வந்தால் ஊரே வெள்ளையாக மூடிக் கிடக்குமாம். ஊரை விட்டுப் போன ஏக்கத்தில் இருந்தவருக்கு நமுனுகுல மலைக்கே வந்துவிட்டதுபோல் இருந்திருக்கிறது. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துவிட்டு, அந்தப் பனியில் நின்று ஆசை தீர மூச்சை இழுத்திருக்கிறார். அங்கே இருந்த நாளெல்லாம் அதுதான் வேலை. அது பனியில்லை, புகை என்று கடைசியில் யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்கிறது.

"நம்ம மூடுபனிதானேன்னு நின்னுட்டேன்க்கா" என்றார் அம்மாவிடம்.

பிறந்ததிலிருந்து பனியில் வளர்ந்த ஒருவனுக்குப் பனிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாதா என்பதுதான் வீட்டில் எல்லாருடைய கேள்வியும். அப்பாவுக்கு இது காசநோயோ என்ற பயம். அம்மாவுக்கு இது சிகரெட் என்பதில் சந்தேகமே இல்லை. மாமாவின் சட்டையை மோந்து பார்க்கவும், அவர் எங்கே போகிறார் என்று கவனிக்கவும் என்னை அனுப்பினாள். சட்டையில் வெங்காய வாடைதான் இருந்தது. நான் அதற்காக விட்டுவிடுகிற ஆள் இல்லை.

ஒரு பின்னேரம் மாமா தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போனார். நான் தேயிலைச் செடிகளுக்குள் குந்திக்கொண்டேன். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நீல நிறத்தில் வளைந்த ஒரு குட்டிக் குழாயை எடுத்தார். வாயில் வைத்து அமுக்கினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மெதுவாக வாயைத் திறந்தார். புகை வந்தது. எங்கள் ஊர்க் குளிரில் வெறும் மூச்சு விட்டாலே புகை வரும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் கையும் களவுமாக ஒருவரைப் பிடித்த சந்தோஷத்தில் அதையெல்லாம் யார் நினைக்கிறார்கள்? அது மூச்சிரைக்கும் இழுப்புக்காரர்கள் உறிஞ்சும் மருந்து என்று தெரிய எனக்கு இன்னும் சில வருஷம் வேண்டியிருந்தது.

"வெளிநாட்டு சிகரெட்டும்மா. நெருப்பே வேணாம்" என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும், காசநோய் இல்லை என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதிதான். நிச்சயம் முடியட்டும், பிறகு இவனைக் கவனித்துக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டாள்.

தட்டு மாற்ற நமுனுகுலவுக்குப் போனோம். பஸ் மலையேற ஏற மாமாவின் இருமலும் ஏறியது. பெண்ணுக்கு அம்மா இல்லை; அப்பா மட்டும்தான். தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பேசும்போது அவர் நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்தோம். மாமா கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு இருமினார். அந்தப் பெரியவரின் கண் மாமாவின் மேலேயே இருந்தது.

"தம்பிக்கு இந்த இருமல் எத்தன நாளா இருக்கு?"

மாமா டில்லிக் காற்றைப் பற்றிச் சொன்னார். மறைக்காமல்தான் சொன்னார். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த ஊரு சனமெல்லாம் உசிரோடதானே இருக்கு? ஒங்களுக்கு மட்டும் காத்து ஒத்துக்கலயாக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "நான் ஒடச்சுப் பேசிர்றேங்க. தூள் சலிச்சு சலிச்சு எனக்கு இழுப்பு வந்துச்சு. என்னய வச்சு எம் பொஞ்சாதி பட்ட பாடு கொஞ்சமில்ல. இப்ப எம் மக படுது. கட்டிக்கிட்டுப் போற எடத்துலயும் அது ஒரு இழுப்புக்காரனப் பாக்கணும்னா, அந்தச் சம்பந்தம் எனக்கு வேணாம்."

மாமாவின் முகம் செத்துப்போயிருந்தது. அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் துணிந்தாள்.

"அண்ணே, இனி மறச்சு என்ன. இவன் சிகரெட்டு குடிக்கிறான். அதத்தான் காத்து அது இதுன்னு சொல்றான். எம் மக கண்ணால பாத்திருக்கு."

மாமா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாங்க" என்றார். "குடிக்கிறேன்."

பெரியவர் சிரித்தேவிட்டார். "அம்புட்டுத்தானா? அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. கல்யாணத்துக்கப்புறம் வுட்டுருங்க." நெஞ்சு இளகி வெற்றிலையை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தட்டை மாற்றிவிடலாம் என்றார். டில்லி முழுக்க மூச்சு முட்டிக் கிடக்கிறது என்ற உண்மையை நம்ப அங்கே ஆள் இல்லை. ஒரு சிகரெட்டை எல்லாரும் நம்பினார்கள்.

குசினிக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். அதற்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து என்னை உள்ளே இழுத்தது. கல்யாணப் பெண்தான். நீலச் சேலை கட்டியிருந்தார். அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது.

"மாமா குடிச்சத நீதான் பாத்தியா பாப்பா?"

"ஆமா."

"எப்படி இருந்துச்சு அது? வெள்ளையா, நீட்டமா?"

"இல்ல. நீலம். வளஞ்சிருந்துச்சு. அமுக்குனா சத்தம் வரும்."

அவர் எட்டி, மேல் தட்டில் இருந்த டின்னுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நீலக் குழாய். அதே வளைவு.

"இதுவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வீட்டிலும் இது நடக்கிறதா? "இதேதான். ஒங்க அப்பாவும் குடிக்கிறாங்களாக்கா?" என்று கேட்டேன்.

அவர் அதை எடுத்த இடத்திலேயே வைத்து, டின்னை நகர்த்தி மறைத்தார். வெளியே மாமா இருமினார். அதற்குப் பிறகு அந்தப் பெரியவரும் இருமினார். அக்கா இரண்டையும் கேட்டபடி நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா, ஒனக்குச் சம்மதந்தானா?" என்று பெரியவர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"சம்மதம்ப்பா" என்றார். முன்னறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னார். பிறகு குனிந்து என் காதருகே, "அந்த நீலக் கலரப் பத்தி எங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாத பாப்பா" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த அக்கா சரியான கள்ளி என்பது எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. பெற்ற அப்பாவிடமே மறைக்கிறவர் மாமாவிடம் எதைத்தான் மறைக்கமாட்டார்? எல்லாம் தெரிந்துகொண்டே ஒன்றும் தெரியாதவர்போல் சம்மதம் சொல்லியிருக்கிறார். சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதால் என்னால் வாயைத் திறக்கவும் முடியவில்லை. ஜன்னலோரத்தில் மாமா இருமி முடித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். பாவம், நன்றாக ஏமாந்துவிட்டார் என்று அவருக்காக மிகவும் வருத்தப்பட்டேன்.