குறையாத ஆயில்

மெக்கானிக்குக்கு அந்தத் தெருவில் 'ஆயில் கம்பி' என்றுதான் பெயர். ஹாரன் கெட்டு வந்தவனிடமும் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, "பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை ஆயில் பாக்காதவனுக்கெல்லாம் எதுக்குய்யா காரு?" என்று வாங்கு வாங்கென்று வாங்குவார்.

அவர் மகளே அந்த ரகம்தான். வெளியூர் வேலையிலிருந்து மாதம் ஒருமுறை காரில் வருவாள். கம்பியில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடக்கும். திட்டிக்கொண்டே ஊற்றுவார்.

"நீங்க பாத்துக்குவீங்கன்னுதாம்ப்பா நான் பாக்கறதே இல்ல" என்று சிரிப்பாள்.

அப்படி வந்திருந்தபோதுதான், ஐந்தே நாள் காய்ச்சலில் மகள் போய்விட்டாள். கார் பட்டறை வாசலில் நிற்கிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவர் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கிறார்.

"ஓடாத வண்டியில ஆயில் எப்படிண்ணே குறையும்?" என்று ஒருநாள் பக்கத்து டயர் கடைக்காரர் மெல்லக் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதா?" என்று சீறியவர், கம்பியை வெளிச்சத்தில் பிடித்தார். அவர் கடைசியாக ஊற்றிய ஆயில், மேல்கோட்டிலிருந்து ஒரு நூல்கூட இறங்காமல் நின்றது. ஆயில் குறைந்ததற்காக ஊரையே திட்டித் தீர்த்த மனுஷன், குறையாத அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.