டேஷ்போர்டைக் கடித்தது யார்

பல்லக்காவுக்கு மனிதர்களை முகத்தை வைத்துத் தெரியாது, பல்லை வைத்துத்தான் தெரியும். பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், இருபத்தாறு வருடமாகப் பல்செட் செய்கிறவர். முன்னறையிலிருந்து வாயின் அச்சு வரும். அதில் பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றி, இறுகியதும் எடுத்துக் கையில் திருப்பிப் பார்ப்பார். இந்த ஆள் தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவர், இந்த அம்மா நூலைப் பல்லாலேயே அறுக்கிற தையல்காரி, இவருக்கு இடது பக்கம் மெல்ல வராது என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை.

தொழிலில் அவருக்கு ஒரே கொள்கை. செய்த பல் செய்ததென்று தெரியக் கூடாது. புகைபிடிக்கிறவருக்குப் பல் கட்டினால், பக்கத்துப் பல்லில் இருக்கிற கறையை அப்படியே இதிலும் ஏற்றிவிடுவார். வாய்க்குச் சொந்தக்காரரே எது புதிது என்று குழம்ப வேண்டும்.

வீட்டுப் பின்பக்கத் தகர ஷெட்டில் நின்ற பழைய காருக்கும் இதே கொள்கைதான். அதற்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூன்று தெரு தள்ளி இருக்கும் ஒரு வயதான அம்மா, "இடம் காலியானா போதும், எடுத்துட்டுப் போம்மா" என்று தள்ளிவிட்ட வண்டி. கம்பெனியிலிருந்து இறங்கிய நாளில் எப்படி இருந்ததோ, கடைசித் திருகாணி வரை அப்படியே இருக்க வேண்டும் என்று பல்லக்கா ஒற்றைக் காலில் நின்றார். மூன்று வருடம். இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஒவ்வொன்றாய்த் துலக்கி, தேய்ந்ததை மாற்றிப் பூட்டினார். பல் சுரண்டுகிற கம்பியால்தான் கார்புரேட்டர் அழுக்கையே எடுத்தார்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ஷெட்டுக்குள் தலையை மட்டும் நீட்டி, "நாள் முழுக்க ஸ்டீயரிங்கோட குடும்பம் நடத்திட்டு வர்றேன். வீட்லயும் அதேவா?" என்பார். ஆனால் கனமான எதையாவது தூக்க வேண்டுமென்றால் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்பார்.

போன வருடம்தான் அந்தக் கடி கண்ணில் பட்டது. டேஷ்போர்டின் விளிம்பில் நீளமாக ஒரு மரக்கட்டை உண்டு. அதன் அழுக்கைத் துடைத்தபோது, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு நேராக, மேலே நான்கு பள்ளம், கீழே நான்கு பள்ளம். வேறு யாராக இருந்தாலும் எலி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். பல்லக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார்.

மறுநாளே மருத்துவமனையிலிருந்து அச்செடுக்கிற பசையைக் கொண்டுவந்து, கட்டையில் அப்பி, அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்துவிட்டார்.

"பால்பல்லுங்க. அஞ்சு வயசு இருக்கும். மேல வலது முன்பல்லுல ஒரு முனை உடைஞ்சிருக்கு, எங்கயோ விழுந்து எழுந்த பிள்ளை" என்றார் வீட்டுக்காரரிடம்.

"பசிச்சிருக்கும்."

"அதில்லை. ஒரு தடவை கடிச்சா இவ்வளவு ஆழம் வராது. ஒரே இடத்துல, ஒரே மாதிரி, நூறு தடவையாவது கடிச்சிருக்கு. ஆனா மெல்லலை, பிறாண்டலை. சும்மா கடிச்சுப் பிடிச்சிட்டே இருந்திருக்கு. எதுக்கு?"

"அந்தப் பிள்ளையைத்தான் கேக்கணும்."

பல் முளைக்கிற ஊறலா? அந்த வயதில் இருக்காது. பயமா? பயந்த பிள்ளை கண்ட இடத்தில் கடிக்கும். குழம்பு கொதிக்கும்போதும், பிறர் வாய்களுக்கு மெழுகில் பல் அடுக்கும்போதும் இதே யோசனை. வண்டி கொடுத்த அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கலாம். தானே கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு வீம்பு, கேட்கவில்லை.

அதற்குள் பழைய கார்க்காரர்களின் கண்காட்சி வந்தது. நடுவர் பூதக்கண்ணாடியோடு வருவாராம். கம்பெனி செய்யாத ஒரு கீறல் இருந்தாலும் கழித்துவிடுவாராம். பல்லக்கா இரண்டு நாள் தயங்கினார். மூன்றாம் நாள் கட்டையைக் கழற்றி, பள்ளம் மறைகிற வரைக்கும் சீவி, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் பூசி மாட்டினார். எங்கே கடி இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார்.

மறு வாரம் போன் வந்தது. வண்டி கொடுத்த அம்மா.

"வியாழக்கிழமை நான் வீட்டைக் காலி பண்றேன்மா, தங்கச்சியோட போய் இருக்கப் போறேன். போறதுக்குள்ள வண்டியை ஒரு தடவை பாக்கலாமா? முன்னாடி கட்டையில பல்லுத் தடம் இருக்கும், பாத்திருப்ப. என் பையன் கடிச்சது. ஆறு வயசு முடியலை, காய்ச்சல்ல போயிட்டான். அதை ஒரு தடவை தொட்டுட்டுப் போயிடறேன்."

"வாங்கம்மா" என்றார் பல்லக்கா. போனை வைத்ததும் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"உண்மையைச் சொல்லிடு. தெரியாமத்தானே தேய்ச்ச" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியாமயா? பல்லுன்னு தெரிஞ்சுதான் தேய்ச்சேன்."

அலமாரியில் பிளாஸ்டர் வார்ப்பு இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு யோசனை முளைத்தது. நல்ல யோசனையா என்று நின்று கேட்கிற நிலையில் அவர் இல்லை. அந்த எட்டுப் பற்களையும், உடைந்த முனை உட்பட, பல்லுக்கு ஊற்றுகிற உலோகத்தில் வார்த்தெடுத்தார். கட்டையில் வெந்நீர்த் துணியைச் சுற்றி ஊறவைத்து, பற்களை அதே இடத்தில் மேலும் கீழும் பொருத்தி, வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, இறுக்குப் பிடியைத் திருகினார். மரம் முனகியது. பள்ளம் வெளுப்பாக இருந்ததால் தேயிலைச் சாயத்தை விரலில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து நாற்பது வருட அழுக்கை ஒரே மாலையில் ஏற்றினார். பழைய கடிக்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசமில்லை.

வியாழக்கிழமை காலையில் அந்த அம்மா வந்தார். மூன்று வருட உழைப்பில் பளபளத்த பெயின்ட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, தேடாமலே விரலை அந்த இடத்தில் வைத்தார். ஒவ்வொரு பள்ளமாகத் தடவினார். உடைந்த முனைக்கு வந்ததும் விரல் நின்றது.

"படியில விழுந்து உடைச்சுக்கிட்டான்" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். செய்த பல் செய்ததென்று தெரியவில்லை, இதைவிடப் பெரிய பாராட்டு பல்லக்காவுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. ஆனால் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வெட்கத்தில் காது கொதித்தது.

"அம்மா, இது அவன் கடிச்சது இல்லை. அதை நான் தேய்ச்சு அழிச்சிட்டேன். இது போன சனிக்கிழமை நான் பண்ணினது."

அந்த அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "எதுக்குத் தேய்ச்ச?"

"கண்காட்சிக்கு."

"ஒரு பரிசுக்கா?"

பல்லக்கா தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில் கேட்கக் கூடாதது என்று தெரிந்தும், ஒரு வருடமாக உள்ளே அரித்தது அடங்காமல் வெளியே வந்துவிட்டது.

"ஏம்மா ஒரே இடத்துல கடிச்சான்?"

அந்த அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் பல்லக்கா நினைத்தார்.

"அவனுக்குப் பொறந்ததுலேருந்து காது கேக்காதும்மா. ஒரு நாள் வண்டி ஓடிட்டிருக்கப்போ சும்மா விளையாட்டா இதைக் கடிச்சான். கண்ணு ரெண்டும் இவ்வளவு பெருசா விரிஞ்சுது. அப்புறம் வண்டியில ஏறினா அந்த இடத்துலேருந்து வாயை எடுக்க மாட்டான். இன்ஜினை நிறுத்தினா ஒரே அழுகை. அப்பாவும் பிள்ளையும் எங்கயும் போகாம, ஷெட்டுலயே மணிக்கணக்கா வண்டியை ஓடவிட்டு உக்காந்திருப்பாங்க."

பல்லில் தட்டினால் தாடை எலும்பு வழியாகச் சத்தம் காதுக்குள் போகும். பல்லோடு காலம் தள்ளுகிற பல்லக்காவுக்கு இது தெரியாதா என்ன? ஆனாலும் இந்த ஒரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"வண்டி ஓடுதா?" என்று கேட்டார் அந்த அம்மா.

பல்லக்கா ஷெட் கதவுகளை அகலத் திறந்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு தடவை செருமிவிட்டு, நிதானமாக ஓடத் தொடங்கியது.

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். முன்னால் குனிந்து, இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, எழுபது வயதிலும் உதிராத சொந்தப் பற்களால் அந்தக் கட்டையைக் கடித்தார். தோள் ஒரு தடவை குலுங்கியது. பிறகு அசையவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றென்று தெரியாது. வண்டி சூடாவதைக் கவனித்த பல்லக்காவின் கை, பழக்க தோஷத்தில், சாவிக்குப் போயிற்று.

அந்த அம்மா வாயை ஒரு நொடி மட்டும் எடுத்தார்.

"நிறுத்திடாதம்மா."