இறங்கறவங்க இறங்கலாம்

என் வீட்டுக்காரருடைய தம்பிக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது கல்யாணப் பத்திரிகையில் அச்சானதோடு சரி. தெருவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அவர் கண்டக்டர்தான். கட்டிய மனைவியே, அதாவது என் ஓரகத்தியே, "கண்டக்டர் இன்னும் சாப்பிட வரல" என்றுதான் சொல்வாள்.

துறைமுகத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓடிய தனியார் பஸ்ஸில் அவர் இருபது வருஷத்துக்கு மேல் நின்றார். நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும், உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட நாற்காலி காலியாக இருக்கும், அவர் கதவு நிலையில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பந்தியில் பிள்ளைகள் வாசலை அடைத்து நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தானே இருக்கு" என்பார். குரல் அப்படி. மெதுவாகப் பேச அவருக்கு வராது. என் மகள் தொட்டிலில் தூங்கும் வயதில், சித்தப்பா வருகிறார் என்றால் நான் தெருமுனைக்கே போய் வாயில் விரல் வைத்துக் காட்டுவேன்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒருநாள் பஸ்களையெல்லாம் விற்றுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு மனிதர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சுவரில் சீருடை மாட்டிய ஆணி மட்டும் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருப்பார். என் ஓரகத்தி சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள், எதற்கும் அசராதவள். அவளே ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா, வீட்டுல ஆள் இருக்காரா இல்லையான்னே தெரியல. அவரு கத்துறாருன்னு எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். இப்ப கத்தினா தேவலைன்னு இருக்கு" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் பிரார்த்தனையில் கண்டக்டரும் சேர்ந்துகொண்டார்.

நான் சுற்றுலாப் படகில் சமையல் வேலை பார்க்கிறேன். காலையில் படகு புறப்படும். கலங்கரை விளக்கம், பறவைப் பாறை, குகை எல்லாம் காட்டிவிட்டு, மலை மறைவில் அலை இல்லாத ஒரு இடத்தில் நங்கூரம் போடும். ஆசைப்பட்டவர்கள் அங்கே கடலில் குளிப்பார்கள். பிறகு சாப்பாடு. வெயில் சாய்வதற்குள் கரைக்குத் திரும்பிவிடும். முதலாளிதான் படகையும் ஓட்டுவார். நல்ல மனிதர், ஆனால் புகார் என்ற சொல்லைக் கேட்டாலே பணப்பையைத் திறந்துவிடுவார். பயணிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டபோது நான் தயங்கித் தயங்கிக் கண்டக்டரைப் பற்றிச் சொன்னேன். "நீங்க சொன்னா சரிக்கா. சீசன் முடியட்டும், பாத்துட்டு நிரந்தரம் பண்றேன்" என்றார்.

முதல் நாளே படகில் உயிர் வந்துவிட்டது. கழுத்தில் விசில், குரலில் பழைய சுருதி. "கலங்கரை விளக்கம்! கலங்கரை விளக்கம்!" என்று ஸ்டாப் மாதிரி சொல்வார். பயணிகளும் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் அவர் சத்தம் தாங்கவில்லை என்று என் ஓரகத்தி மறுபடி சண்டை போட ஆரம்பித்தாள். கடவுளே, இது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மூன்றாவது வாரமே ஒரு வம்பு. மிதப்பதற்குப் போடுகிற சட்டையை எல்லோரும் ஜாக்கெட் என்றுதான் சொல்கிறோம். பயணிகள் எல்லாரும் ஏறியதும் இவர் பாட்டுக்கு, புடவை கட்டிய ஒரு அம்மாளைப் பார்த்துப் படகே கேட்கும்படி, "ஜாக்கெட் போடாம உட்காரக் கூடாதும்மா!" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் முகம் சிவந்து எழுந்துவிட்டார். முதலாளி மன்னிப்புக் கேட்டுப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இவரோ என்ன தப்பு சொன்னோம் என்று புரியாமல் விழித்தார். விளக்கிச் சொல்ல எனக்குக் கூச்சம், கடைசியில் என் ஓரகத்தி சொல்லித்தான் அவருக்குப் புரிந்தது. இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலாளி அவரிடம் நேராகவே சொன்னார். "கண்டக்டரே, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா இன்னொரு புகார் வந்துச்சுன்னா என்னால வெச்சுக்க முடியாது. லைசென்ஸ் என் பேருல இருக்கு."

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் பேசினார். நானும் அடுப்புப் பற்றவைக்கும்போதெல்லாம், இன்றைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். அந்த வேலை போனால் அவர் மறுபடி அந்த ஆணிக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

சீசன் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது ஒரு குடும்பம் வந்தது. தம்பி, தம்பி மனைவி, கூடவே அக்கா. அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவர். படகு ஆடும் என்று பயந்து, தம்பி மனைவி கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மிதவைச் சட்டையை நானே மாட்டிவிட, கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்தார். கலங்கரை விளக்கம் வருவதற்குள் தூங்கிப்போனார். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தார்.

நங்கூரம் விழுந்தது. படகின் பின்பக்கத்தில் தண்ணீரை ஒட்டி ஒரு பலகை உண்டு, அதிலிருந்துதான் கடலில் இறங்க வேண்டும். என் அடுப்படி அதற்குப் பக்கத்தில். என் சின்ன ஜன்னல் வழியாக எனக்கு ஆட்கள் தெரியமாட்டார்கள், கால்கள்தான் தெரியும். குளிக்கப் போகிறவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டு வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

"இறங்கறவங்க இறங்கலாம்! மத்தவங்க வழி விடுங்க! பின்னாடி இருக்கறவங்க முன்னாடி வாங்க!"

நான் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஜன்னலில் எல்லாம் வெறுங்கால்கள். நடுவில் செருப்புப் போட்ட இரண்டு கால்கள். பழுப்புச் செருப்பு, வார் போட்டு இறுக்கியது. குளிக்கப் போகிறவர் எதற்குச் செருப்போடு போகிறார் என்று நான் நினைத்து முடிப்பதற்குள், முன்னால் நின்ற கால்கள் குதித்தன, செருப்புக் கால் ஒன்று பலகையைத் தாண்டி நிதானமாக அடியெடுத்து வைத்தது. பஸ் படியில் வைக்கிற மாதிரியே வைத்தது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம்.

கரண்டியோடு ஓடினேன். அக்கா கடலில் இருந்தார். மிதவைச் சட்டை அவரைத் தக்கை மாதிரி நிறுத்தியிருந்தது. கைப்பையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். பயந்து கத்தவில்லை.

"இது எந்த இடம்?" என்று கேட்டார்.

கண்டக்டர் பலகையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. "கையக் குடுங்கக்கா, பயப்படாதீங்க, கையக் குடுங்க."

"மொதல்ல பையப் பிடிங்க தம்பி. உள்ள கண்ணாடி இருக்கு."

இவரும் பஸ்ஸில் வாங்குகிற மாதிரி முதலில் பையை வாங்கி ஓரமாக வைத்தார். அதற்குள் அந்தத் தம்பிக்காரர் ஓடிவந்துவிட்டார். "யாருய்யா எங்கக்காவ இறங்கச் சொன்னது? அவங்களுக்கு நீச்சலே தெரியாதுய்யா. உங்க முதலாளி எங்க?"

முதலாளி வந்தார். நடந்ததைக் கேட்டார். கண்டக்டரைப் பார்த்துத் திட்டக்கூட இல்லை. "கரைக்குப் போனதும் பேசிக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

கண்டக்டர் ஏணியைத் தள்ளிக் கொடுத்தார். அக்கா ஏணியைப் பிடித்தார், ஆனால் ஏறவில்லை.

"ஏறு" என்றார் தம்பிக்காரர்.

"இருடா. செத்த நேரம்."

"எல்லாரும் பாக்கறாங்கக்கா. புடவையோட என்ன இது?"

"நனஞ்சது நனஞ்சாச்சு. இனிமே பாக்கறதுக்கு என்ன இருக்கு? நீ போய் உன் பொண்டாட்டிக்குப் போட்டோ எடு."

ஒரு கையை ஏணியில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் தண்ணீரைத் தடவிக்கொண்டே இருந்தார், கடையில் துணியைத் தடவிக் காட்டுகிற மாதிரி. நான் அடுப்பை அணைக்கவில்லையே என்று நினைவு வந்து உள்ளே ஓடினேன். ஒரு பக்க மீன் கருகிப்போயிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கண்டக்டர் மேலே வரவில்லை. சோறும் காயும் தர்பூசணியும் நானே பரிமாறினேன். அவர் என் அடுப்படியில், காய்க்கூடை மேலே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார். விசிலைக் கழற்றி உப்பு டப்பா பக்கத்தில் வைத்திருந்தார்.

"தம்பி, ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"வேணாம் அண்ணி. உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

"என் பேரு எங்கயும் போகல. சாப்பிடுங்க."

"இந்த வாய்க்கு வேற வார்த்த தெரியல அண்ணி. விடிஞ்சா பொழுதுபோனா அதத்தான் சொன்னேன். அது தானா வருது."

கருகாத மீனாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தேன். கடவுளே, இந்த மனிதருக்குப் பேச்சைக் கொடுத்தவர் நீர், அதை வாங்கிக்கொள்ளாதீர் என்று மனசுக்குள் சொன்னேன்.

படகு திரும்பும்போது அந்த அக்கா துண்டைப் போர்த்திக்கொண்டு என் அடுப்படிக்கு வந்தார். சூடாக ஏதாவது குடிக்கக் கிடைக்குமா என்றார். தேநீர் கொடுத்தேன். அவர் காலில் விழாத குறையாகக் கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் தவறி விழுந்தவர் அவர், அவரிடமே போய் எங்களுக்காகப் பேசுங்கள் என்று எப்படிக் கேட்பது? கண்டக்டர்தான் எழுந்து நின்று, "மன்னிச்சுருங்கக்கா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டும் கேட்காத அளவு மெதுவாகச் சொன்னார்.

அக்கா ஊதி ஊதிக் குடித்தார். "தூக்கக் கலக்கம் தம்பி. கடை விட்டுத் தினமும் பஸ்ஸுல தூங்கிக்கிட்டுத்தான் போவேன். இறங்கலாம்னு சத்தம் வந்தா காலு தானா எந்திரிக்கும். முன்னாடி போறவங்க முதுகப் பாத்துக்கிட்டே போவேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "சின்னதுலேருந்து கடல்ல ஒரு தடவ இறங்கிப் பாக்கணும்னு எனக்கு ஆசை. இறங்கறீங்களான்னு நீங்க தன்மையாக் கேட்டிருந்தீங்கன்னா, எனக்கெதுக்குன்னுதான் சொல்லியிருப்பேன்."

கரை வந்தது. தம்பிக்காரர் முதலாளியை ஓரமாக நிறுத்திப் புகார் சொல்ல ஆரம்பித்தார். எழுதிக் கொடுப்பேன், விடமாட்டேன் என்றார். கண்டக்டர் கொஞ்சம் தள்ளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா செருப்பில் தண்ணீர் சளக் சளக் என்று சத்தம் போட நடந்து வந்தார்.

"யாரு புகார் குடுக்கறது? விழுந்தது நானா நீயா?"

"நீ சும்மா இருக்கா. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகியிருந்தா நீ குடு. ஆகலைல்ல? எனக்குப் புகார் இல்ல." முதலாளியிடம் திரும்பினார். "ஆனா ஒண்ணு சார். என்ன மாதிரி இன்னொருத்தர் தூக்கக் கலக்கத்துல, மிதவைச் சட்டையும் மாட்டாம இறங்கிட்டா, என்ன ஆகும்? அந்த வார்த்தைய மாத்தச் சொல்லுங்க. ஆள மாத்த வேணாம்."

தம்பிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கார் சாவியை எடுத்தார். அவர்கள் போன பிறகு முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "வேற என்ன சொல்லலாம், சொல்லுங்க" என்றார். வேலை போகவில்லை என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மூன்று பேரும் நங்கூரக் கயிற்றுச் சுருள் பக்கத்தில் நின்று யோசித்தோம்.

"நீந்தலாம்னு சொல்லுங்களேன்" என்றேன்.

"நீந்தத் தெரியாதவங்க கோவிச்சுக்குவாங்க அண்ணி."

"குதிக்கலாம்?" என்றார் முதலாளி, சொல்லிவிட்டு அவரே வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"குளிக்கலாம்னு சொன்னா?" என்றேன் நான்.

"சோப்பு கேப்பாங்க" என்றார் கண்டக்டர். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. முதலாளி சிரித்துவிட்டார். கடைசியில் அந்த அக்காவின் பேச்சிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் நங்கூரம் போட்டதும் நான் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். ஜன்னலில் கால்கள் வரிசையாக வந்து நின்றன. விசில் சத்தம் வந்தது. "இற..." என்று ஆரம்பித்து, நடுவிலேயே விழுங்கிக்கொண்டார். அப்புறம் அந்தக் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

"நனையறவங்க நனையலாம்! மத்தவங்க அப்படியே உட்காருங்க, நீங்க இறங்க வேண்டிய இடம் இன்னும் வரல!"