ஆட்டுக்காரம்மாவும் கம்பெனி வேலியும்

கம்பெனி கேட்டை நோக்கி ஜீப் வருவது தெரிந்தால் போதும், ஆட்டுக்காரம்மாவின் செருப்பில் முள் ஏறிவிடும். வழியின் நடுவில் ஒற்றைக் காலில் நின்று அதைப் பிடுங்கத் தொடங்குவார். டிரைவர் எத்தனை ஹாரன் அடித்தாலும் முள் வராது. "இருய்யா, முள்ளு எனக்குத்தானே குத்துது, நீ ஏன் கத்துற?" ஆடுகளும் ஜீப்பைச் சுற்றி நின்றுகொள்ளும்.

கம்பி வேலிக்கு உள்ளே இருப்பது ஊரின் மேய்ச்சல் நிலம். 'இருந்தது' என்று எழுதினால் சண்டைக்கு வருவார். இப்போது அங்கே கண்ணாடித் தகடுகள் வரிசை வரிசையாக வெயில் காய்கின்றன, சூரிய மின்சாரமாம். "சூரியனை யாரு வேணாம்னா? அதை ஏன்டாப்பா என் ஆட்டு வாயில கொண்டாந்து பரப்புறீங்க?"

குளத்துக்குப் போன வழியும் வேலிக்குள் மாட்டிக்கொண்டது. மந்தையை மெயின் ரோட்டில் சுற்றி ஓட்டிப்போய்த்தான் தண்ணீர் காட்ட வேண்டும். அந்த ரோட்டில் கம்பெனி லாரி அடித்து அவருடைய சினை ஆடு ஒன்று செத்தது. அன்றிலிருந்து கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு ஊரே உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது வேலிக்குக் கம்பெனி தோண்டிய குழிகளில் இன்னும் ஒரு கல்லைக்கூட ஊன்ற விடவில்லை.

ஆனால் பந்தலுக்குள் ஆட்டுக்காரம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அங்கே மைக் அவருடைய கொழுந்தனின் கையில் இருக்கிறது. பூமி சூடாவதில் ஆரம்பிக்கும் கொழுந்தன் உள்ளூருக்கு வந்து சேர்வதற்குள் இவருக்குப் பொறுமை போய்விடும். "கொழுந்தனாரே, உலகத்தை சாயங்காலமா காப்பாத்திக்கலாம். முதல்ல தண்ணிக்கு வழியக் கேளுங்க!"

போன வாரம் கம்பெனி மேனேஜரே பந்தலுக்கு வந்தார். கொழுந்தன் ஒருவழியாகக் குளத்துக்கு வழி கேட்டார். மேனேஜர் கேள்வி கேட்டவரை விட்டுவிட்டு, வெளியே மந்தையோடு நின்ற ஆட்டுக்காரம்மாவிடம் போனார்.

"ஏம்மா, சுத்திப் போனா என்ன? கொஞ்ச தூரம்தானே?"

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். வசவுக்காக நானும் காத்திருந்தேன். அவர் வையவில்லை. அன்று காலையில்தான் பிறந்து, நிற்க முடியாமல் தள்ளாடிய ஒரு குட்டியைத் தூக்கி, மேனேஜரின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"இதால நடக்க முடியாது சார். நீங்க தூக்கிட்டு வாங்க."

சொல்லிவிட்டு, திரும்பியும் பார்க்காமல், மந்தையை ரோட்டுப் பக்கம் ஓட்டத் தொடங்கினார்.