ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாம்பரம் பக்கம் இருபது வருடங்களுக்கும் மேலாகக் குழந்தைகளின் கோணல் கால்களையும் குட்டைக் கால்களையும் சரிசெய்து வருகிற டாக்டர் நான். பிள்ளைகளிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை; கோபமெல்லாம் பெற்றவர்கள் மேல்தான். மாவுக்கட்டை நனைத்துக் கொண்டு வருகிறவர்கள், கால் நேராகிவிட்டதென்று தாங்களே முடிவுசெய்து, தினமும் மாட்டவேண்டிய ஷூவைப் பரணில் தூக்கிப் போட்டவர்கள், எல்லாரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைக்காகத்தானே கத்துகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். இப்போது அந்தச் சமாதானம் எடுபடுவதில்லை.

பம்மலிலிருந்து எட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது முழங்காலில் சீழ் வைத்து, எலும்பு வளரும் இடம் கெட்டு, இடது கால் நாலு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. அம்மா லெதர் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள். மகளின் ஆபரேஷனுக்காக வேலையை விட்டிருந்தாள்.

காலை நீட்டுவதற்கு முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்களை மாட்டி, கம்பிகளால் எலும்போடு பிணைப்போம். வளையங்களுக்கு நடுவில் இருக்கும் திருகுகளை வீட்டில் ஒருவர் தினமும் நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றவேண்டும். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் எலும்பு விலகும். விலகிய இடத்தில் புது எலும்பு வளரும். சுற்றாமல் விட்டால் வெட்டிய இடம் ஒட்டிக்கொள்ளும். வலிக்குமா என்று கேட்பார்கள். வலிக்கும் என்றுதான் சொல்வேன்.

சுற்றுவதை அப்பாக்களுக்குத்தான் சொல்லிக்கொடுப்பேன். தாய் மனசு தாங்காது என்று அம்மாக்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிடுவது என் வழக்கம். ஏன் சுற்றுகிறோம், நிறுத்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அப்படித்தான் அந்த அம்மாவின் காதில் விழாமலே போனது. அப்பாவுக்குக் கற்றுக்கொள்ள இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆள் கிடைத்தாரே என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

முதல் வார எக்ஸ்ரேயில் வெட்டிய இடம் அழகாக விலகியிருந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் தண்ணீர் நின்ற அந்த வாரங்களில், வளையம் மாட்டிய காலோடு அவளை ஆட்டோவில் ஏற்றிவர முடியவில்லை என்று போன் செய்தார்கள். ஐந்தாவது வாரம் வந்தபோது எக்ஸ்ரேயைப் பார்த்தேன். இடைவெளி கொஞ்சமும் கூடவில்லை. எலும்பு ஒட்டியிருந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஓபியில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அந்த மனிதரைப் பிடித்துக் கத்தினேன். லேத் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு மில்லிமீட்டர் தெரியாதா, பெற்ற பிள்ளைக்கு இதைக்கூடச் செய்யமாட்டாயா என்று கேட்டேன். ஒழுங்காகத்தான் சுற்றினேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா எழுந்து வந்தாள்.

"அவரு கரீட்டாதான் சார் சுத்துனாரு. அவரு வேலைக்குப் போனதும், அவரு சுத்துனத நான்தான் பின்னாடி சுத்தி வுட்டேன். கொயந்த துடிக்குது சார். பின்னாடி சுத்துனா தூங்கிடுது."

மகளுக்கு இது தெரியும். இரண்டு பேரும் அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

எலும்பை மறுபடி வெட்டவேண்டும். அதுமட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் சும்மா இருக்கவில்லை. இந்தத் தடவை நீதான் சுற்றவேண்டும், உன் புருஷன் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். பொறுப்பு வரட்டும் என்று சொன்னேன். உண்மையில் தண்டனையாகத்தான் கொடுத்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

அவள் சுற்றினாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. வாரா வாரம் எக்ஸ்ரேயில் மில்லிமீட்டர் பிசகாமல் எலும்பு விலகியது. அந்தப் படங்களை ஜூனியர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். பிள்ளை வீட்டில் எப்படியிருக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. அப்பா ஒருநாள் தயங்கித் தயங்கி, பாப்பா அம்மாவிடம் பேசுவதில்லை என்றார். குழந்தைதானே, சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

மாதங்கள் கழித்து வளையங்களைக் கழற்றி, அதற்குப் பின் போட்ட மாவுக்கட்டையும் பிரித்த பிறகு, அவளை நிற்கவைத்து அளந்தேன். இரண்டு கால்களும் ஒரே அளவு. அறையின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை நொண்டாமல் நடந்தாள். அம்மா புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தாள். மாட்டிவிடக் குனிந்தபோது மகள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"நீ தொடாத. அப்பா போட்டு வுடட்டும்."

அந்த வீட்டில் மகள் அழுதால் இளகுவதற்கு ஒருத்தி இருந்தாள். அந்த அம்மா செய்தது தப்பு என்று யாரும் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் அவள் கையிலேயே ஸ்பேனரைத் திணித்தது நான். காலை நீட்ட வேறு வழி இருந்தது. அப்பாவின் கை இருந்தது.

அவர் குனிந்து செருப்பை மாட்டினார். அம்மா சுவரோரம் ஒதுங்கி நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைக் கும்பிட்டாள்.

"நடக்குது இல்ல சார். அது போதும்."