ஒரு பக்கம் மட்டும் சூடு

சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், பாம்பும் ஆமையும் விற்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். சென்ற குளிர்காலத்தில், பாம்புகளை வைக்கும், இழுப்பறைகள் கொண்ட லாச்சி அலுமாரி ஒன்றைப் பொருத்திக் கொடுக்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பாம்புகள் அவருடைய மகனுடையவை. மகன் பல வாரங்களாக மருத்துவமனையில் இருந்தான்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்குள்ளும் குளிர்கோட்டைக் கழற்றவில்லை. காலையில் அலுவலகங்களைத் துடைத்துவிட்டு வந்தவர், பின்னேரம் உணவகச் சமையலறைக்குப் போகவேண்டும். பாம்புகள் இருந்த பெட்டிகளுக்குக் கிட்டவே அவர் வரவில்லை.

"பயமெண்டா எங்கடை கடையில விடலாமே, அக்கா?"

"பயம்தான் தம்பி. ஆனா அவன் போனில இதுகளைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறான்."

லாச்சிகளின் பின்பக்கத்தில் சூடேறும் வயரை ஒட்டினேன்.

"ஏன் ஒரு பக்கம் மட்டும்?"

"சூடு கூடினா மற்றப் பக்கம் போயிடுங்கள்."

"அதுகளுக்கெண்டாலும் மாறி இருக்க ஒரு இடம் இருக்கு" என்றார்.

சூடு ஏறியதும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வெறும் லாச்சிக்குள் கையை வைத்தவர், கண்களை மூடி அப்படியே நின்றுவிட்டார். எனக்கு வேறொரு வீட்டிலும் வேலை இருந்தது. ஆனாலும் "சரியோ அக்கா?" என்று கேட்க மனம் வரவில்லை.